முப்பத்தொரு சாக்கு மண்

திங்கட்கிழமை காலை சுமித்ரா சைட்டில் கால் வைத்ததுமே கண்ணில் பட்டது நாலாம் நம்பர் கட்டைதான். கட்டப்போகும் நாலாம் நம்பர் வீட்டின் பின்மூலையில் அவளே அடித்த கட்டை, அவளே சிவப்புப் பெயின்டில் போட்ட கோடு. சனிக்கிழமை அவள் வீட்டுக்குப் போகும்போது மண் அந்தக் கோட்டுக்கு ஒன்றரை அடி கீழே, பள்ளமாகக் கிடந்தது. இன்றைக்குக் கோடே தெரியவில்லை. பள்ளம் இருந்த இடம் சிவப்புக் கிரவல் மண் பூசி, சிமெந்துத் தரை மாதிரி மினுங்கிக்கொண்டிருந்தது.

"ஸப்ரி நானா, நேத்து வேலை செஞ்சீங்களா?"

ரோலருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ப்ளேன்டீ குடித்துக்கொண்டிருந்த ஸப்ரி, கோப்பையைப் பார்த்தபடியே பதில் சொன்னான்.

"ஞாயித்துக்கெழம யாரு தங்கச்சி வேல செய்ற?"

"அப்போ இது தானா நிரம்பிருச்சா?"

"நல்ல எடம்தானே. பரக்கத்தான எடம். தானா நிரம்பும்."

ரோலர் ஓட்டுகிற ஸப்ரி எஹலியகொடக்காரன். வாயைத் திறந்தால் பகிடிதான். ஆனால் பகிடி சொல்லும்போது எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துச் சொல்கிற ஆள். இன்றைக்குப் பார்க்கவில்லை. அது சுமித்ராவுக்குப் போதுமாக இருந்தது.

ஓப்பநாயக்க டவுனுக்கு மூன்று மைல் மேலே, தோட்டத்தின் அடிவாரத்தில் ஒரு சேற்று நிலம். அதை நிரப்பிப் பதினாலு வீடு கட்டுகிறார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழையில், மேல் மலை, தொழிலாளர் குடியிருந்த ஆறாம் நம்பர் லயத்தின் மேல் வந்து உட்கார்ந்தது. பதினொரு பேர் போனார்கள். ஏழு பேரை எடுத்தார்கள். நாலு பேர் கிடைக்கவில்லை. பதினெட்டு நாள் தோண்டிப் பார்த்துவிட்டு, இனி தோண்டினால் மேலே இருக்கிறதும் வரும் என்று சொல்லி, சிவப்புப் பலகை ஒன்றை நட்டுவிட்டுப் போய்விட்டார்கள். கிடைக்காத நாலு பேரில் ஒருவன் சுமித்ராவின் தம்பி இந்திரகுமார்.

மிஞ்சிய குடும்பங்கள் அன்றிலிருந்து பழைய தேயிலை ஸ்டோரில் இருக்கின்றன. ஒரு காலத்தில் கொழுந்து வாட்டிய மேல்மாடியில், படங்குத் துணி கட்டிப் பிரித்த பதினாலு காம்பரா. அம்மா ஜெயம்மாவும் சுமித்ராவும் அதில் ஒன்றில். சுமித்ரா இரத்தினபுரியில் டெக்னிக்கல் காலேஜ் முடித்து, மண் பரிசோதிக்கும் கம்பெனி ஒன்றில் சேர்ந்திருந்தாள். கம்பெனி அவளை இந்த சைட்டுக்குப் போட்டது. உனக்கு இங்கே யாராவது இருக்கிறார்களா என்று யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

அவள் அழுததை ஸ்டோரில் யாரும் பார்த்ததில்லை. அதைக் குறையாகச் சொன்னவர்களும் உண்டு. அவளுக்கே அது விளங்கவில்லை. பல்லுக்கு ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் வேறு யாருடைய கன்னத்தையோ தொடுகிற மாதிரி இருக்குமே, அப்படித்தான் இரண்டு வருஷமாக இருந்தது. வேலை மட்டும் பிடித்திருந்தது. சேற்றின் மேல் மண்ணை மலை மாதிரிக் குவித்து, அடியில் இருக்கும் தண்ணீர் பிதுங்கிப் போகட்டும் என்று ஒன்பது மாதம் விட்டிருந்தார்கள். அடியில் ஓர் இரும்புத் தட்டு, அதிலிருந்து மேலே நீளும் கம்பி. வாரா வாரம் அந்தக் கம்பி எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று அவள் எழுதினாள். முதல் வாரம் பதினாலு மில்லிமீட்டர். பிறகு ஒன்பது. பிறகு மூன்று. கடைசி இரண்டு மாதம் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்று எழுதுகிற வாரங்கள் அவளுக்குச் சௌகரியமாக இருந்தன.

இப்போது மேலே கிரவல் போட்டு இறுக்குகிற வேலை. முக்கால் அடி போட வேண்டும், ரோலர் எட்டுத் தரம் ஓட வேண்டும், சுமித்ரா சோதிக்க வேண்டும். இறுக்கம் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வந்தால் அடுத்த முக்கால் அடி. வராவிட்டால் கிளறிவிட்டு மறுபடியும். வியாழக்கிழமை காலை அத்திவாரக் கல் நாட்ட நேரம் குறித்தாயிற்று. அதை விட்டால் ஆடி பிறந்துவிடும். ஆடியில் யாரும் கல் நாட்ட மாட்டார்கள். இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் படங்குக்குள்ளேதான்.

அதனால்தான் மினுங்குகிற அந்த மூலையைப் பார்த்துக்கொண்டு அவள் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு பெட்டியைத் திறந்தாள்.

நடுவில் ஓட்டை போட்ட இரும்புத் தட்டைத் தரையில் வைத்து, ஓட்டைக்குள் உளியால் தோண்டத் தொடங்கினாள். தோண்டுகிற மண் ஒரு பொடியும் சிந்தக்கூடாது. கரண்டியால் அள்ளி பொலித்தீன் பையில் போட்டுக்கொண்டே வர வேண்டும். மேலே நாலு விரற்கடை கிரவல் கல் மாதிரி இருந்தது. அதற்குக் கீழே உளி, பாண் ரொட்டிக்குள் கத்தி போகிற மாதிரிப் போயிற்று.

கரண்டியில் வந்தது கறுப்பு மண். ஈரம். தேயிலை வேர். இன்னொரு கரண்டி. அதில் சுண்ணாம்புக் காரையின் ஒரு சில்லு, ஒரு பக்கம் நீலம்.

ஆறாம் லயத்துக்கு, மலை சரிந்த வருஷத்துக்கு முந்தின தீபாவளிக்கு, எல்லாருமாகச் சேர்ந்து நீலம் அடித்தார்கள். பெயின்ட் மிஞ்சிவிட்டது என்று இந்திரகுமார் கக்கூஸ் கதவுக்கும் அடித்தான்.

சுமித்ரா சில்லைப் பார்த்தாள். அதையும் பையில் போட்டாள். குழியிலிருந்து வந்ததெல்லாம் நிறுவைக்குள் வர வேண்டும், அதுதான் முறை.

"நானா, இன்ஜினை நிப்பாட்டுங்க. மணல் விடப் போறேன்."

பக்கத்தில் ரோலர் அதிர்ந்தால் குழியின் கொள்ளளவை அளக்க உள்ளே விடுகிற மணல் நெருங்கி உட்கார்ந்துவிடும், கணக்குப் பொய்யாகிவிடும். வழக்கமாக இந்த இடத்தில் ஸப்ரி, "ஓ, ஒங்கட மணலுக்கு நித்திர கொழம்பும்" என்பான். இன்றைக்குப் பேசாமல் சாவியைத் திருகிவிட்டுக் கிட்டே வந்து குந்தினான்.

"தங்கச்சி. ரெண்டடி அங்கால தோண்டுங்களேன். அங்க நல்லா ஈக்குது. நானே உருட்டின."

"இங்க யாரு போட்டா?"

"யாரு போட்டா என்ன. ஒரு கட்டில் போடுற அளவு எடம். வீடு விழுந்துடுமா?"

"நானா, யாரு போட்டா?"

ஸப்ரி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "தலைவர் வந்தாரு. நல்லையா அண்ணன். சாக்கோட பத்துப் பன்னெண்டு பேர். நான் ஏலாதுண்டுதான் சொன்ன. அந்த மனிசன் கையெடுத்துக் கும்பிட்டாரு. எண்ட வாப்பா வயசு ஆள். நான் என்ன செய்ற? மேல கொஞ்சம் கிரவல் போட்டு மினுக்கிக் குடுத்தன்."

"எத்தனை சாக்கு?"

"முப்பத்தொண்டு."

மணல் ஜாடியைக் குழியின் மேல் கவிழ்த்துத் திருகைத் திறந்தாள். மணல் சத்தமில்லாமல் இறங்கியது. நின்றது. திருகை மூடினாள். மிச்ச மணலை நிறுத்தாள். பையை நிறுத்தாள். எழுதினாள். எழுத்து எப்போதும் போல் வரிசையாக வந்தது.

அடுத்தது ஈரம் பார்ப்பது. மண்ணில் எவ்வளவு தண்ணீர் என்று தெரிந்தால்தான் எவ்வளவு மண் என்று தெரியும். அதற்கு ஒரு கேஸ் குக்கரும் தாச்சியும் எப்போதும் கூடவே கொண்டுபோவாள். இருநூறு கிராம் அளந்து தாச்சியில் கொட்டி, அடுப்பை மூட்டி, கரண்டியால் கிளறினாள். ஆவி எழும்பியது. மழைக்கால வாசம் ஒன்று வந்தது.

அப்போதுதான் நல்லையா வந்தார். யாரோ போன் பண்ணியிருக்க வேண்டும். ஸப்ரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். நல்லையா தோட்டத்துத் தலைவர். அவருடைய மனைவியும் அந்த நாலு பேரில் ஒருவர்.

"தோண்டிட்டியா புள்ள," என்றார்.

"தோண்டிட்டேன் மாமா."

"கோயில் மாத்துனா பிடிமண் எடுத்துட்டு வர்றதில்லையா? மேல் பிரிவுல மாரியம்மன் கோயில் கட்டுனப்ப, பழைய கோயில்ல இருந்து எடுத்துட்டு வந்துதானே கட்டுனோம். அது மாதிரித்தான்."

"பிடிமண்ணுன்னா ஒரு பிடி மாமா. இது முப்பத்தொரு சாக்கு."

நல்லையா குனிந்தார். குழியைப் பார்த்தார். குழி நிறைய வெள்ளை மணல்.

"எந்தப் பிடியில இருக்காங்கன்னு யாருக்குப் புள்ள தெரியும்?"

தாச்சியில் மண் பொரிகிற சத்தம் கேட்டது. சுமித்ரா கிளறிக்கொண்டே இருந்தாள். கிளறாவிட்டால் அடிப்பிடிக்கும்.

"விடியக்காலம் போனோம். பலகையத் தாண்டித்தான் போனோம், வேற வழி. ஆளுக்கொரு எடத்துல அள்ளுனோம். என் காம்பரா இருந்த எடத்துல நான் அள்ளுனேன். உங்க காம்பரா எடத்துல உங்கம்மா."

"அம்மாவா?"

"மூணு சாக்கு. நான் தூக்குறேன்னு சொன்னேன், குடுக்கல."

ஞாயிற்றுக்கிழமை அம்மா கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் போனாள். பின்னேரம் திரும்பி வந்து தோளுக்குத் தைலம் பூசச் சொன்னாள். சுமித்ரா பூசிவிட்டாள். ஏன் என்று கேட்கவில்லை. இரண்டு வருஷமாக அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் எதற்கும் ஏன் என்று கேட்டதில்லை.

"ஒரு எழுத்து புள்ள. பாஸுன்னு ஒரு எழுத்து. ஸ்டோர்ல அந்தச் சின்னப்புள்ளைங்க இருமுறது உனக்குக் கேக்குதுதானே. வியாழன விட்டா ஆடி."

"தெரியும் மாமா."

"உனக்கு ஒண்ணுமே தோணலியா?"

கேலியாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். சுமித்ரா யோசித்துப் பார்த்தாள். வெறும் தட்டை வைத்த தராசு மாதிரி உள்ளே பூச்சியத்தில் நின்றது.

"தெரியல," என்றாள். அடுப்பை அணைத்தாள். நிறுத்தாள். கணக்குப் போட்டாள்.

எழுபத்தாறு.

துஷார சேர் சரியாக அந்த நேரத்துக்குப் போன் பண்ணினார். கொன்ட்ராக்ட் இன்ஜினியர். நல்ல மனிதர், எதற்கும் கத்த மாட்டார். சிங்களத்தில் கேட்டார், சிங்களத்தில் சொன்னாள். நாலாம் நம்பர் பின்மூலை எழுபத்தாறு. வேற மண். வேர் இருக்கிறது.

மறுபக்கம் பெருமூச்சு கேட்டது. வியாழன் வருகிறவர்களின் பட்டியலைச் சொன்னார். பந்தலுக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று என்றார். பிறகு மெதுவாக, கொஞ்சம் தள்ளி இன்னொரு குழி தோண்டிப் பார் என்றார். ஒரு குழியில் எதையும் முடிவு கட்டக்கூடாதுதானே என்றார்.

"தள்ளித் தோண்டினா நல்லா வரும் சேர். அது கிரவல். வீட்டுச் சுவர் வர்றது இந்த மண்ணு மேல."

சரி, இரண்டு மணிக்குள் ரிப்போர்ட்டை அனுப்பு, பெயிலானால் நாளைக் காலை மண் தோண்டும் பெக்கோ அனுப்பி அந்த மண்ணை அள்ளி ஓடைப் பக்கம் கொட்டச் சொல்கிறேன் என்றார். யோசித்து அனுப்பு என்று முடித்தார்.

நல்லையாவுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. ஸ்பீக்கரில் வந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"ஓடையிலயா," என்றார்.

பன்னிரண்டு மணிக்கு ஜெயம்மா சோற்றுப் பார்சலோடு வந்தாள். வழக்கமாகப் பார்சலை வைத்துவிட்டுத் திரும்பிவிடுவாள். இன்றைக்கு மகளும் தலைவரும் ரோலர்காரனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருப்பதைக் கண்டு, கேட்காமலே விளங்கிக்கொண்டாள். தாச்சிக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"இது என்னா?"

"மண்ணு. வறுத்தா தண்ணி போயிரும். எவ்வளவு தண்ணி இருந்துச்சுன்னு தெரியும்."

"நம்ம மண்ணா?"

"அந்தக் குழியில வந்தது."

ஜெயம்மா தாச்சியைப் பார்த்தபடி நின்றாள். கையை நீட்டி, சூடு தெரிகிற தூரத்தில் நிறுத்தி, திரும்ப எடுத்துக்கொண்டாள்.

"நல்லா இல்லையா?"

"இல்லம்மா."

"எங்களுக்கு வெளங்குற மாதிரி சொல்லு. சும்மா நம்பர் சொல்லாத."

சுமித்ரா நிலத்தில் குந்தினாள். உளியால் ஒரு வீடு கீறினாள். நாலு கோடு, ஒரு கூரை.

"மண்ணுக்குள்ள காத்து இருக்கும்மா, தண்ணி இருக்கும். காத்த ரோலர் வெளிய தள்ளிரும், ஒரு நாள் வேலை. தண்ணிய அப்படித் தள்ள ஏலாது. அது அது பாட்டுக்கு, மேல பாரம் இருக்க இருக்க மெதுவாப் போகும். வருஷக் கணக்கா. அதுக்குத்தான் ஒம்பது மாசம் மண்ணக் குவிச்சு வச்சிருந்தோம். இப்ப நீங்க போட்டதுல ரெண்டும் இருக்கு, வேரும் இருக்கு. வேரு உக்கிப் போயிரும். மத்த மூணு மூலையும் அப்படியே நிக்கும், இந்த மூலை மட்டும் எறங்கும். செவுரு வெடிக்கும்."

"எவ்வளவு எறங்கும்?"

"மூணு நாலு அங்குலம்."

"அவ்வளவுதானா," என்றாள் ஜெயம்மா. "ஒரு மலையே எறங்குச்சு."

ஸப்ரி எழுந்து போய் ரோலரின் சக்கரத்தில் ஒட்டியிருந்த மண்ணைக் குச்சியால் சுரண்டினான்.

"செவுரு வெடிச்சா பூசிக்கலாம்," என்றாள் ஜெயம்மா. "லயத்துல நூறு வருஷம் பூசிட்டுத்தானே இருந்தோம். அவனும் நம்ம கூட இருப்பான். அதுக்குத்தானே தூக்கிட்டு வந்தேன்."

"அந்த மூலையில சமையக்கட்டு. நீங்க அடுப்படியில நிக்கிறப்ப செவுரு வெடிக்கும்."

"வெடிச்சா வெடிக்கட்டும்."

"இன்னொரு தரம் என்னால தோண்ட ஏலாதும்மா," என்றாள் சுமித்ரா.

குரல் எப்போதும் போலத்தான் வந்தது. மழை வரும் போலிருக்கு என்று சொல்கிற குரல். ஆனால் ஜெயம்மா மகளைத் திரும்பிப் பார்த்தாள். பதினெட்டு நாளும் அந்தச் சேற்றில் வெறுங்கையால் தோண்டியவர்களில் சுமித்ராவும் ஒருத்தி. நகம் இரண்டு போயிருந்தது. அதைப் பற்றி இதுவரை அவர்கள் பேசியதில்லை.

சுமித்ரா படிவத்தை எடுத்து முழங்காலில் வைத்து, எழுபத்தாறு என்று எழுதி, பெயில் என்ற கட்டத்தில் கோடு போட்டு, கையெழுத்து வைத்தாள். போனில் படம் பிடித்து அனுப்பினாள். மணி பன்னிரண்டு நாற்பது.

நல்லையா எழும்பி வேட்டியைத் தட்டினார். கோபமா என்று தெரியவில்லை. "அப்போ ஓடையிலதான்," என்றார்.

"நாளைக்குத்தான் பெக்கோ வரும் மாமா. இன்னைக்கு இருட்ட இன்னும் ஆறு மணித்தியாலம் இருக்கு."

வரைபடத்தை விரித்தாள். வீடுகளுக்கு முன்னால், பாதைக்கும் மழைநீர்க் கானுக்கும் இடையில், பன்னிரண்டு அடி அகலத்தில் நீளமாக ஒரு வெற்றுப் பட்டை. அதற்கு நம்பரும் இல்லை, நிறமும் இல்லை.

"இந்த எடத்துல வீடு வராது. இதுக்கு என்கிட்ட யாரும் ரிப்போர்ட் கேக்க மாட்டாங்க. எவ்வளவு எறங்குனாலும் எறங்கட்டும்."

"இன்ஜினியர்?"

"அவரு கேக்குறது நாலாம் நம்பர் மூலைய மட்டும்."

ஸப்ரி வரைபடத்தை எட்டிப் பார்த்தான். "அது நல்ல மண்ணு அண்ணன். வீட்டுக்குத்தான் சரியில்ல. மொளகா கண்டு வச்சாலும் வரும்." பிறகு, தான் பேசியது சரியா என்று தெரியாத மாதிரி, "நான் மேல ஈக்கிற கிரவல முதல்ல கிளறித் தாறன்," என்று ரோலரை நோக்கி நடந்தவன், ரோலரால் கிளற முடியாது என்று ஞாபகம் வந்து, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு திரும்பினான்.

ஒரு மணிக்கு ஸ்டோரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். நேற்றைய அதே சாக்குகள். சிலர் சுமித்ராவைப் பார்த்தார்கள். சிலர் பார்க்காமல் கடந்தார்கள். வியாழன் போயிற்று என்று செய்தி அவர்களுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. இருமுகிற பிள்ளையின் தாய் ஒருத்தி, "படிச்ச புள்ளைங்களால இதுதான் மிச்சம்," என்று யாரிடமும் சொல்லாத மாதிரிச் சொன்னாள். சுமித்ரா அதைக் கேட்டாள். ஒரு சாக்கின் வாயை விரித்துப் பிடித்தாள், அந்தத் தாய் அதில் மண்ணை அள்ளிப் போட்டாள்.

கறுப்பு மண்ணைக் கிரவலிலிருந்து பிரிப்பது எளிதாகத்தான் இருந்தது. நிறமே சொல்லிவிட்டது. அடியில் பழைய கிரவல் தெரிகிற வரைக்கும் எடுத்தார்கள். யாருடைய சாக்கு யாருடைய மண் என்பதெல்லாம் கலந்துபோயிருந்தது. நேற்று ஆளுக்கொரு இடத்தில் பார்த்துப் பார்த்து அள்ளியவர்கள், இன்று கையில் வந்த சாக்கைத் தூக்கினார்கள். நல்லையா கடைசியில் எண்ணிப் பார்த்தார். இருபத்தொன்பது வந்தது. ரோலர் ஏறி இறுகிவிட்டது, அதனால்தான் குறைகிறது என்று சுமித்ரா சொன்னாள். அவர் தலையாட்டினார். ஆனாலும் குழிக்குள் இறங்கி, இன்னொரு தரம் கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் ஏறினார்.

நாலு மணிக்கு மழை தொடங்கியது. சாக்குகளை முன்பட்டையில் கொட்டிப் பரப்பினார்கள். அந்த மண்ணின் மேல் யாரும் மிதிக்கவில்லை. பாதையோரமாகச் சுற்றிப் போனார்கள்.

சுமித்ரா கூடாரத் தகரத்துக்குக் கீழே சாமான்களைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கினாள். வறுத்த மண் தகர டப்பாவில் இருந்தது. சாம்பல் நிறமாகிவிட்டிருந்தது. நீலச் சில்லு அதற்குள் எங்கேயோ. சோதனை முடிந்த மண்ணைச் சாதாரணமாக அப்படியே வெளியில் வீசிவிடுவாள்.

ஜெயம்மா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தாள். சேலையெல்லாம் சேறு. மதியத்திலிருந்து மகளோடு ஒரு சொல் பேசியிருக்கவில்லை.

"அத என்னா செய்வ?"

"கொட்டிருவேன்."

"நெருப்பு பட்டுருச்சுல்ல."

சுமித்ராவுக்கு முதலில் விளங்கவில்லை.

"ரெண்டு வருஷமா அய்யரு கேட்டாரு, என்னத்த வச்சு காரியம் செய்யிறதுன்னு. உங்கப்பாவுக்குன்னா சாம்பல் இருந்துச்சு. இவனுக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லி நான்தான் வேணாம்னுட்டேன்." ஜெயம்மா டப்பாவை இரண்டு கையாலும் எடுத்தாள். மூடியைத் திறந்து பார்க்கவில்லை. "இது போதும். நீதான் வச்ச, கொள்ளி."

"நான் தண்ணி பாக்கத்தான்மா—"

"தெரியும்."

முந்தானையின் ஒரு முனையில் டப்பாவைச் சுற்றினாள். "சனிக்கெழம லீவு போடு. அய்யர வரச் சொல்றேன். நல்லையா அண்ணனுக்கும் கொஞ்சம் குடுக்கணும்."

சோற்றுப் பார்சல் பெட்டியின் மேல் பிரிக்காமலே இருந்தது. ஜெயம்மா அதைப் பார்த்துவிட்டு, "ஆறிப்போச்சு, இருந்தாலும் சாப்பிடு," என்று சொல்லி மழைக்குள் இறங்கினாள்.

சுமித்ரா பார்சலைப் பிரித்தாள். சோறு, பருப்பு, கருவாட்டுத் துண்டு. சாப்பிட்டாள். இடது கையால் படிவத்தின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பினாள். கடைசி வரி மிச்சமிருந்தது. மண் மாதிரி பாதுகாக்கப்பட்டுள்ளதா, ஆம், இல்லை. அந்த வரிக்கு அவள் எப்போதும் யோசிக்காமல் இல்லை என்றுதான் எழுதுவாள். இப்போது பேனையைப் பிடித்தபடி இருந்தாள். விரலில் பருப்பு காய்ந்துகொண்டிருந்தது.

மழையில் ரோலர் ஓட்ட முடியாது. நாலாம் நம்பர் மூலையில் பள்ளம் மறுபடியும் திறந்து கிடந்தது. சிவப்புக் கோடு தெரிந்தது. தண்ணீர் நிறைந்தால் நாளைக்கு அதை இறைக்க வேண்டும், காய வேண்டும், பிறகு முக்கால் அடி, எட்டுத் தரம், சோதனை. ஸப்ரி ஒரு தகரத்தையும் படங்கையும் இழுத்துக்கொண்டு போய்ப் பள்ளத்தை மூடிக்கொண்டிருந்தான்.

சுமித்ரா 'ஆம்' என்ற கட்டத்தில் கோடு போட்டாள். எங்கே என்று கேட்ட இடத்தை வெறுமையாக விட்டாள். கையைக் கழுவிவிட்டு, படங்கின் மறுமுனையைப் பிடிக்கப் போனாள்.